ஊட்டி: அண்ணாந்து பார்த்தவை

ஜூலை 10, வியாழன்

அம்மாவின் மாத்திரை டப்பா, இரண்டு ஸ்வெட்டர், குடை. திங்கட்கிழமை வரை எதற்கும் கூப்பிடாதே என்று அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. கூப்பிடுவான்.

ஜூலை 11, வெள்ளி

ரயிலில் இடம் கிடைக்கவில்லை, பஸ்தான். மேட்டுப்பாளையம் வரை வியர்வை, குன்னூர் தாண்டியதும் ஆளாளுக்கு ஜன்னலை மூடச் சொல்கிறார்கள். அம்மா ஜன்னலோரம். வழியில் தண்டவாளம் தெரிந்தபோது, கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவே பல் வைத்த இரும்பு ஓடும், அதைப் பற்றிக்கொண்டுதான் எஞ்சின் மலை ஏறும், 1899இல் குன்னூருக்கு வந்துவிட்ட ரயில் ஊட்டி வந்து சேர 1908 ஆயிற்று என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அதுக்கு முன்னாடி செங்கல்லு, கதவு, கண்ணாடி எல்லாம் யாரு தூக்கிட்டு வந்தா?" என்றாள்.

மாடு, குதிரை, ஆள் தலைச்சுமை. வேறென்ன. ஊட்டியின் பெரிய கட்டடங்களில் பல ரயில் வருவதற்கு முந்தியவை. கட்டியவன் பெயர் என்று கல்வெட்டில் ஒரு கேப்டனோ ஒரு கவர்னரோ இருப்பார், சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. இதைச் சொன்னதும் அம்மா "நம்ம வீட்டிலயும்தான் இல்ல" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் லவ்டேல் பக்கம் வரும்போது, எங்கள் பழைய வீட்டு மரத்துக்கு விலை பேசும் வியாபாரி போன். "மேடம், உத்திரம் பதினாறா பதினேழா? உங்க அண்ணன் பதினாறுங்கறாரு." பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அம்மா யார் என்று கேட்கவில்லை.

அறையின் கூரை தகரம். சாரல் விழுந்தாலே பேரிரைச்சல். அம்மா தூங்கிவிட்டாள், நான் இல்லை.

ஜூலை 12, சனி

காலையில் ஸ்டீபன்ஸ் தேவாலயம். வெளியிலிருந்து பார்க்க வெளிர்மஞ்சள், நெடிய கோபுரம், கூரான ஜன்னல்கள், கொஞ்சம் இங்கிலாந்து கிராமம், கொஞ்சம் நம்மூர் மிஷன் பள்ளிக்கூடம். 1829 ஏப்ரலில் அடிக்கல், 1830 நவம்பரில் கல்கத்தா பிஷப் வந்து பிரதிஷ்டை செய்திருக்கிறார், 1831 ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறந்தார்கள். கட்டியவர் கேப்டன் அண்டர்வுட். அடிக்கல் நாட்டிய கவர்னர் ஸ்டீபன் லஷிங்டன். கோயில் பெயரும் ஸ்டீபன். தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பப்போவதில்லை.

ரயில் இல்லை, சரியான சாலை இல்லை, அடிக்கல்லிலிருந்து பிரதிஷ்டைக்கு ஒன்றரை வருஷம். எங்கள் வீட்டை விற்க நாலு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் போட மூன்று வருஷம் ஆகிறது.

நான் இங்கே வர நினைத்ததே அந்த மரத்துக்காகத்தான், ஒளிப்பானேன். உள்ளே இருக்கும் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தவை. யானைகள் இழுத்துக்கொண்டு மலையேறின என்கிறார்கள். திப்பு 1799இல் செத்தார், அரண்மனை கேட்பாரற்று நின்றது, முப்பது வருஷம் கழித்து அதன் மரம் ஒரு தேவாலயத்துக்கு வந்துவிட்டது. நல்ல மரம், வீணாக்குவானேன் என்று யாரோ ஒருத்தர் சொல்லியிருப்பார். அதே வாக்கியத்தைப் போன வாரம் அண்ணன் சொன்னான். அட்சரம் மாறாமல்.

அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்ணக் கண்ணாடியில் சிலுவையில் இயேசு, இன்னொன்றில் குழந்தையோடு மேரி. எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். அம்மா கூரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து மெதுவாக, "அந்த அரமனைக்காரங்க யாராவது வந்து இதைப் பாத்திருப்பாங்களா?" என்றாள்.

பார்த்திருக்க வழியில்லை. திப்புவின் பிள்ளைகளைக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1806இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததும் அங்கேயும் வேண்டாம் என்று கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மரம் தெற்கே மலைக்கு வந்தபோது மனிதர்கள் எப்போதோ கிழக்கே போய்விட்டிருந்தார்கள். இதைச் சொன்னபோது என் குரல் எதற்காகவோ கம்மியது. அம்மா கவனிக்காத மாதிரி இருந்தாள்.

அப்புறம் சொன்னாள், "பதினேழு."

"என்னம்மா?"

"பரணுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. உங்கண்ணனுக்கு அது தெரியாது. நீ பொறந்தப்ப ஜுரத்தில நாப்பது நாள் மல்லாந்து கிடந்தேன்ல, அப்ப எண்ணினது."

ஆக அம்மாவுக்கு எல்லாம் தெரியும். வியாபாரி போன் செய்வது, அவர் கேட்பது, எல்லாம். நான்தான் பஸ்ஸில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தேன்.

பின்னால் சரிவில் கல்லறைகள். ஊட்டியை உண்டாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இங்கேதான் இருக்கிறார்கள். பாசியும் ஈரமும், வழுக்குகிறது. அம்மாவைக் கீழே இறங்க விடவில்லை.

மத்தியானம் கல் பங்களா. அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. சனிக்கிழமை என்பதால் கூட்டமில்லை, வெளியே நின்று பார்த்தோம். 1822இல் சல்லிவன் கட்ட ஆரம்பித்த வீடு, ஊட்டியில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு. பேருக்குத்தான் பங்களா, ஆடம்பரம் எதுவும் இல்லை. பருத்த கல் சுவர், அவ்வளவுதான். எனக்குத் தேவாலயத்தை விட இது பிடித்தது, ஏனென்றால் இருநூறு வருஷமாக யாராவது ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கலெக்டர் போனார், பிரின்சிபால் வந்தார், கோப்பு வந்தது. ஒழுகினால் ஆள் கூப்பிட ஒருத்தர் இருந்தார்.

நிலத்தை இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று சல்லிவன் வாங்கினார். அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். "ஒரு ரூபாயா" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச தூரம் நடந்து, "அவங்க சரின்னுதானே சொல்லியிருப்பாங்க" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மலையை எருமை மேய்க்கிற இடமாகப் பார்த்தவர்களுக்கு ஏக்கர் என்று ஒன்று இருந்திருக்குமா, அதற்கு ஒரு விலை என்று எதைச் சொல்வது.

அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். எடுக்கவில்லை.

ஜூலை 12, இரவு

சுவர் பற்றி ஒன்று எழுதிவிட்டுப் படுக்கிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. இன்று பார்த்த பழைய வீடுகளில் பலவற்றில் கீழே மூன்றடி உயரத்துக்கு சிமென்ட் பூசி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், காற்றில் விடும், அப்படித்தான் அது காலம் தள்ளுகிறது. மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும், இன்னும் மேலே ஏறி உப்புப் பூக்கும், பூச்சு பொம்மென்று உப்பும். உடனே, பழைய சுவர், தாங்காது, இடித்துவிடலாம் என்பார்கள். நம் வீட்டுக் கொல்லைப்புறச் சுவருக்கும் இதுதான் நடந்தது. சிமென்ட் பூசிய வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன் அந்தச் சுவரில் ஒரு பொட்டு உப்பு கிடையாது. இடிக்கச் சொல்லும் இன்ஜினியர் காட்டும் போட்டோவில் இருப்பது அந்தச் சுவர்தான்.

கடுக்காயை ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பை அரைப்பார்கள் என்று அம்மா சொன்னாள், அவள் மாமனார் காலத்தில் செக்கு மாதிரி ஒன்றில் மாடு கட்டி அரைத்தார்களாம். இன்றைக்கு அதை அரைக்கத் தெரிந்த ஆளைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யார் தேடுவது, யார் பணம் தருவது.

ஜூலை 13, ஞாயிறு

நீலகிரி நூலகத்தை வெளியே நின்றுதான் பார்த்தோம், உள்ளே போக உறுப்பினராக இருக்க வேண்டும். 1859இல் தொடங்கிய நூலகம், கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஷோம். சென்னை சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம்தான். லவ்டேல் லாரன்ஸ் பள்ளியும் அவர் கைதான். கடற்கரையில் குவிமாடமும் வண்ணமுமாக விளையாடியவர் மழையும் குளிரும் இருக்கிற இடத்தில் எவ்வளவு அடக்கமாகக் கட்டியிருக்கிறார் பாருங்கள். சரிவான கூரை, உயரமான ஜன்னல், இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ள. இந்த ஊரில் வெயில் கிடைப்பதே அரிது, அதைப் புரிந்துகொண்டு கட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். இப்போது எழும்பும் ஓட்டல்களைப் பார்த்தால் தெரியும், மொட்டைமாடி போட்டுவிட்டு நாலு வருஷத்தில் அதன் மேல் தகரம் வேய்கிறார்கள்.

சேரிங் கிராஸில் ஆடம்ஸ் நீரூற்று. வில்லியம் பேட்ரிக் ஆடம், சென்னை மாகாண கவர்னர், பதவிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாமல் 1881இல் இங்கேயே இறந்தவர். 1886இல் எழுப்பியது, முதலில் மார்க்கெட் பக்கம் இருந்து பிறகு இங்கே இடம் மாறியது. ஆக இந்த ஊரில் எதையும் பிரிக்கலாம், எங்கேயும் கொண்டுபோய் நிறுத்தலாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை, செல்ஃபி கூட்டம்.

தாவரவியல் பூங்காவின் மேல் கோடியில் தோடர் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு. அம்மா ஏறமாட்டாள் என்று நினைத்தேன், ஏறினாள், இடையிடையே உட்கார்ந்து உட்கார்ந்து. அரைவட்டமாக வளைந்த அந்த வீடு, மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி மேலே புல் வேய்ந்தது. வாசல் ஒரு குழந்தை உயரம்தான், பெரியவர்கள் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். காற்று எங்கே அடித்தாலும் பிடித்துக்கொள்ள மூலை இல்லை, மழை நிற்க இடமில்லை. அரண்மனை மரம் வேண்டாம், யானை வேண்டாம், மலையிலேயே கிடைக்கிறதை வைத்து மலைக்கான வீடு. இரண்டு நாளாக நான் பார்த்ததில் இதுதான் சரியான கட்டடம் என்று எனக்குப் பட்டது. பக்கத்திலேயே குடும்பங்கள் கான்கிரீட் வீட்டில் இருக்கின்றன. அதிலும் தப்பு சொல்ல எனக்கு என்ன தகுதி. புல் கிடைப்பது கஷ்டம், திரும்பத் திரும்ப வேய வேண்டும், யாருக்குத்தான் நிமிர்ந்து நடந்து உள்ளே போகப் பிடிக்காது.

அம்மா கேட்டாள், "இதை வித்தா யாரு வாங்குவா?" கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து.

ஜூலை 13, இரவு

பதினேழு என்று வியாபாரிக்குச் சொல்ல மாட்டேன்.

ஜூலை 14, திங்கள்

இறக்கம். குன்னூருக்குக் கீழே மூடுபனி, டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் போன் செய்தான், எடுத்தேன். ஆடி பிறப்பதற்குள் பதிவு முடிந்தாக வேண்டும், செவ்வாய் வேண்டாம் என்று அம்மாதான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள், ஆக புதன், காலை பத்தரைக்குள். வில்லங்கச் சான்று தயார். அக்கா வெளியூரிலிருந்து கிளம்பிவிட்டாள். "அம்மா என்ன சொல்றாங்க?" என்றான். பக்கத்து சீட்டில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பரண் பக்கம் போய் நின்றேன். டார்ச் அடித்துப் பார்த்தால் இருக்கிறது. கரிபிடித்து, ஒரு ஓரத்தில் கரையான் தடம், ஆனால் தட்டினால் கெட்டியான சத்தம்.

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்து மழை இல்லை, வேலையும் இல்லை. உத்திரங்களை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

வியாபாரி மரத்தைக் காரைக்குடிக்கு அனுப்புவாராம், அங்கிருந்து எங்கேயோ. ஒரு ரிசார்ட்டில் பாரம்பரியம் என்று சொல்லி மேலே பொருத்துவார்கள், அது எதையும் தாங்காது, அதற்கு மேல் கான்கிரீட் இருக்கும். தேவாலயத்தில் திப்புவின் மரமாவது இன்னும் கூரையைத் தாங்குகிறது. அப்படியென்றால் விற்கலாமா? எனக்குத் தெரிந்து அது தாங்கும் வேலையிலேயே இருந்தால் கொடுத்துவிடலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு, இந்தக் கணக்கெல்லாம் போடுவதே விற்க முடிவு செய்துவிட்டதால்தான் என்கிறது. அக்கா வந்துவிட்டாள். முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு என்னிடம், "நீ மட்டும் ஏன் இப்படி" என்றாள். அவளுக்குக் கடன் இருக்கிறது. அது எனக்கும் தெரியும், அவள் சொல்லாவிட்டாலும்.

அம்மா சாயங்காலம் பெட்டியிலிருந்து நல்ல புடவை ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள். எதற்கு என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்

அண்ணன் காருடன் ஏழு மணிக்கே வந்துவிட்டான். அம்மா புடவை கட்டிக்கொண்டு தயார், ஆனால் பத்திரத்தை முதலில் சத்தமாகப் படித்துக் காட்டு என்கிறாள், அண்ணன் நேரமாகிறது என்கிறான், அக்கா படிக்கட்டும் என்கிறாள். மூன்றாம் பக்கம் போகிறது. கட்டுமானச் சாமான்கள் உட்பட என்று ஒரு வரி வந்ததும் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டாள். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.