“கொழுப்புக் கட்டிதான்மா” என்று சொன்ன நாள்

“மரு வந்திருக்கு டாக்டரய்யா, குதிரைமுடி கட்டிவிட்டா விழுந்திருமா?” என்று கேட்டபடி ஒரு பெரியவர் தன் சிப்பிப்பாறை நாயைத் தூக்கி வந்தார். காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில், ஆமணக்கு விதை போல ஒன்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். மருவுக்குக் கால்கள் இருந்தன. ரத்தம் குடித்து உப்பிய உண்ணி!

இப்படிச் சிரித்து அனுப்பியவை நிறைய. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு.

நான் பணியில் சேர்ந்த மூன்றாம் வருடம். எட்டு வயது லாப்ரடார். விலாவில் தோலுக்கடியில் மெத்தென்று ஒரு கட்டி. விரலால் தள்ளினால் நகர்ந்தது. வயதான, பருத்த லாப்ரடாருக்குக் கொழுப்புக் கட்டி வருவது சகஜம். “கொழுப்புக் கட்டிதான்மா, ஒண்ணும் பண்ணாது” என்றேன். “ஒருநாள் பெருசா இருக்கு சார், ஒருநாள் சின்னதா இருக்கு” என்றார் அந்த அம்மா. நான் காதில் வாங்கவில்லை. வெளியே மாடுகளோடு நாலு பேர் காத்திருந்தார்கள்.

அவர் சொன்னதிலேயே நோய் இருந்தது. மாஸ்ட் செல் கட்டி, தோலில் வரும் ஒருவகைப் புற்று. அந்தச் செல்களுக்குள் ஹிஸ்டமின் என்ற, வீக்கத்தைக் கிளப்பும் ரசாயனம் பொட்டலம் பொட்டலமாகக் கிடக்கும். தேய்த்தால், அழுத்தினால் வெளியே கொட்டும். சுற்றிலும் சிவந்து வீங்கும், பிறகு வடியும். நாலு மாதம் கழித்து வந்தபோது கட்டி புண்ணாகி, அக்குளில் நெறியும் கட்டியிருந்தது. அறுவை செய்தும் அந்த வருடத்தை அது தாண்டவில்லை.

அதற்குப் பிறகு விரலை நம்புவதை விட்டேன். கட்டியை ஊசியால் குத்தி, வருவதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவிப் பார்ப்பேன். தடுப்பூசி போடும் அளவு ஊசி ஒன்று, ஒரு ஸ்லைடு, செல்களுக்கு நிறமேற்றக் கொஞ்சம் ஜீம்சா சாயம் போதும். மயக்க மருந்துகூட வேண்டாம். கொழுப்புக் கட்டி என்றால் ஸ்லைடு எண்ணெய் தடவியது போல் மினுங்கும், காயவே காயாது. மாஸ்ட் செல் என்றால் நுண்ணோக்கியில் ஊதாப் பொடி தூவினாற்போல் தெரியும்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்டி பட்டாணியை விடப் பெரிதாக இருந்து, ஒரு மாதமாகியும் போகவில்லையென்றால் கூட்டி வாருங்கள். வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, நாய் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தாலோ அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம். பெட்டை நாய்க்குக் காம்போரம் கடலைப்பருப்பளவு தட்டுப்பட்டாலும் அப்படியே. கருத்தடை செய்யாத நாய்க்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுதான். சுண்ணாம்பு தடவுவது, நூல் கட்டுவது எதுவும் வேண்டாம். புண்ணாகிவிட்டால் எங்களுக்கும் அடையாளம் தெரியாது.

அந்த அம்மா மறு வருடம் ஒரு குட்டியோடு வந்தார். உதட்டின் உள்ளே காலிஃபிளவர் போல நாலைந்து மரு. குட்டிகளுக்கு வைரஸால் வருவது, இரண்டு மூன்று மாதத்தில் தானே உதிர்ந்துவிடும் என்றேன்.

“குத்திப் பார்க்கலையா சார்?”

இதற்குத் தேவையில்லைம்மா என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.