ரிப்பன் கட்டடத்துக் கச்சேரி

சென்னை வானொலி என்றாலே அகில இந்திய வானொலி இங்கே நிலையம் தொடங்கிய 1938-ஐச் சொல்கிறோம். அதற்கு முன்பே இங்கே ரேடியோ கேட்டிருக்கிறார்கள். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் தொடங்கிய ரேடியோ கிளப், பணமில்லாமல் 1927-இல் நின்றுபோனது. அதன் ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே சாயங்காலக் கச்சேரி ஒலிபரப்பியது, ரிப்பன் கட்டடத்திலிருந்து!

அந்தக் காலத்துப் படிக ரேடியோவில் மெல்லிய கம்பி முனையைப் படிகத்தின்மேல் நகர்த்தி நகர்த்திக் குரலைத் தேட வேண்டும். கிடைத்தாலும் ஹெட்போன் மாட்டியவருக்கு மட்டும்தான் பாட்டு; மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பெட்டியும் இல்லாதவர்களுக்கு மெரினாவில் ஒலிபெருக்கி. மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தால் போதும், சபா டிக்கெட் வேண்டாம். (மழைநாளில் என்ன செய்தார்களோ!)

குப்பை அள்ளும் அலுவலகம் கச்சேரியும் நடத்தியிருக்கிறது. சொத்து வரி கட்டுகிறவன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.