தள்ளிப்போகாத தேதி

கட்டுமான வேலைகளுக்கு அட்டவணை போட்டுப் பழகியவன் நான். அங்கே முடிவுத் தேதியைப் பற்றிப் பேச இடமுண்டு. மழை, பொருள் தட்டுப்பாடு என்று காரணம் சொல்லி அவகாசம் வாங்கலாம். நெடுந்தூரக் கடல் பந்தயம் ஒன்றுக்குப் பாய்மரப் படகைத் தயார்செய்யும் குழுவில் சேர்ந்தபோது அந்த வசதி இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் படகுப் பந்தயம் டிசம்பர் 26 பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கும் என்றால் தொடங்கும். யாருடைய படகில் பெயின்ட் காயவில்லை என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். எங்கள் பந்தயமும் அப்படித்தான்.

ஆகவே தொடக்க நாளைச் சுவரில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டோம். அதற்குக் கைகொடுத்த கிரிட்டிகல் பாத் முறை 1950களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆலைப் பணிகளுக்காக உருவானது. எந்த வேலைகள் பிந்தினால் எல்லாமே பிந்துமோ அந்தச் சங்கிலியைக் கண்டுபிடிப்பதுதான் அதன் சாரம். படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைத் தேய்த்து, பாசி பிடிக்காத பெயின்ட் அடிப்பதுதான் நீளமான வேலை என்று குழுவில் பலர் நினைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சங்கிலி காற்றைப் பிடிக்கும் பாய்த்துணியில் தொடங்கியது. புதுப் பாய் தைத்து வந்தால்தான் அளக்க முடியும். அளந்தால்தான், வெவ்வேறு படகுகளை ஒப்பிட உதவும் வேக மதிப்பீடான ரேட்டிங் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இல்லாமல் பதிவு முழுமையாகாது. அதோடு, பாயைக் கடலில் விரித்துப் பார்த்த பிறகுதான் எங்கே சுருங்குகிறது, எங்கே தளர்கிறது என்று தெரியும். தைத்தவரிடம் திருத்தக் கொடுக்கவும் நாள் வேண்டும். அதனால் மற்ற எதற்கும் முன்பாகப் பாய்க்கு ஆர்டர் கொடுத்தோம்.

பாதுகாப்புச் சாமான்கள் வேறு வகை. வேலை கொஞ்சம், காத்திருப்பு அதிகம். படகைக் கைவிட நேர்ந்தால் ஏறும் மிதவையான லைஃப் ராஃப்டை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும்; பந்தயம் நெருங்கினால் எல்லாப் படகுகளும் அங்கேதான் வரிசையில் நிற்கும். லைஃப் ஜாக்கெட்டின் வாயுக் குப்பி, ஆபத்தில் சமிக்ஞை அனுப்பும் அவசர பீக்கனின் பேட்டரி, உதவி கேட்டுக் கொளுத்தும் ஒளிச்சுடர்கள் என ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. இன்றைக்குச் செல்லுபடியானால் போதாது, பந்தயம் முடியும்வரை செல்ல வேண்டும். இதைக் காகித வேலை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1998 சிட்னி–ஹோபார்ட்டில் 115 படகுகள் புறப்பட்டு 44 மட்டுமே பந்தயத்தை முடித்தன; புயலில் 6 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு விதிகள் இவ்வளவு இறுகின. அந்தச் சாமான்களை அட்டவணையின் முதல் பக்கத்திலேயே வைத்தேன்.

நான் மிகவும் பிடிவாதமாக நின்றது கடலோட்டப் பயிற்சி நாட்களுக்காக. பட்டறையில் எது தாமதித்தாலும் முதலில் கை வைப்பது அந்த நாட்களில்தான், ஏனென்றால் அவை வெறும் ஓட்டமாகத் தெரியும். உண்மையில் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை இறுக்கிச் சரிசெய்வதும், ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் அறிவதும், சுக்கான் எங்கே முனகுகிறது என்று கேட்பதும் அப்போதுதான். வேலை பிந்தினால் வேலையைக் குறைப்போம், பயிற்சி நாளைத் தொடமாட்டோம் என்று ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கினேன். உள்ளறைப் பலகைகளுக்கு வார்னிஷ் பூசுவது அப்படித்தான் பட்டியலிலிருந்து போனது. படகின் வேகத்தில் அதனால் ஒன்றும் குறையவில்லை.

இன்னொரு விதியும் வைத்தோம்: கடைசி இரண்டு வாரம் புதிதாக எதையும் பொருத்தக்கூடாது. அந்த இரண்டு வாரத்தில் படகின் தலைவரான ஸ்கிப்பர் ஒரு புதிய காற்றுமானியோடு வந்தார்.

"பொருத்த அரை நாள் போதுமே?" என்றார்.

"பொருத்த அரை நாள்தான் சார். சரியாகக் காட்டுகிறதா என்று நம்புவதற்கு எத்தனை நாள்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெட்டியைக் கரையிலேயே வைக்கச் சொன்னார். அந்த அரை நாளில், இருட்டிய பிறகு கடலில் விழுந்தவரை மீட்கும் பயிற்சியை இன்னொரு முறை செய்தோம்.