கறுப்பு வெள்ளை பிரிண்டுக்குக் கரி இங்க்: இதுவரை

பழைய எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 1400 பிரிண்டர் ஒன்று கைக்கு வந்தது. 13 அங்குல அகலத் தாள் வரை போகும், ஆறு கார்ட்ரிட்ஜ். அதற்கென்று வரும் கிளாரியா டை இங்க் (கரைந்த சாயம்) வண்ணப் படத்துக்கு அருமையானது. கறுப்பு வெள்ளைக்குத்தான் சிக்கல். வண்ணங்கள் கலந்துதான் சாம்பல் நிறம் பிறக்கிறது. அதில் ஒன்று கொஞ்சம் முந்தி வெளுத்தாலும் முழுப் படமும் பச்சையோ சிவப்போ தட்டிவிடும். வண்ணப் படத்தில் கண்ணுக்கே தெரியாத மாற்றம் இங்கே பளிச்சென்று தெரியும்.

எப்சன் 2005-இல் கொண்டுவந்த கே3 பிக்மென்ட் (கரையாத நிறத்துகள்) இங்க் வரிசையில் ஒரு கறுப்போடு இரண்டு சாம்பல் உண்டு. நல்ல வழிதான். ஆனால் நடுநிலைச் சாம்பல் கிடைக்க அதிலும் வண்ண இங்க் கொஞ்சம் சேர்கிறது. கறுப்பு வெள்ளைக்கென்றே அமெரிக்காவில் ஜான் கோன் உருவாக்கிய பீசோகிராஃபி இங்க், பால் ரோர்க் இந்த 1400-க்கே வகுத்துக் கொடுத்த எபோனி-6 இங்க் முறை இரண்டும் வேறு பாதை. எபோனி-6 முழுக்கக் கரி. ஒரே கறுப்பை வெவ்வேறு அளவில் நீர்க்கச் செய்து ஆறு கார்ட்ரிட்ஜிலும் நிரப்ப வேண்டும். விளக்குப் புகையில் எடுக்கும் கண்மையும் இதே சரக்குதான், வெயிலுக்கு அசையாது. நான் இதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நீர்க்க வைப்பது ஏன் என்றால், வெளிர் பகுதியில் அடர் கறுப்புப் புள்ளி விழுந்தால் மணல் தூவியது போலத் தெரியும். எந்தக் கார்ட்ரிட்ஜ் எங்கே எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படி கொண்ட பட்டை ஒன்றை அச்சடித்து, ஸ்கேனரில் அளந்து, மென்பொருளில் இங்க் அளவைக் குறிக்கும் வளைவைச் சரிசெய்தேன். பொறுமை கேட்கிற வேலை.

அப்புறம் ஜன்னல் சோதனை. டை, வண்ண பிக்மென்ட், கரி என மூன்று பட்டைகளில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, தெற்குக் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். டை பட்டை நிறம் மாறியது. பிக்மென்ட் பரவாயில்லை. கரியில் வித்தியாசமே இல்லை, ஆனால் அதன் தாள் மஞ்சளாகிவிட்டது! தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பிரைட்னர்தான் காரணம். வெளிச்சத்தில் அது செத்துப்போகும். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் அத்தகைய தாள் நீலமாக மின்னும். இப்போது தாள் வாங்கினால் முதலில் டார்ச்தான். பிரைட்னர் இல்லாத கேன்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் என்ற காட்டன் தாளுக்கு மாறிவிட்டேன். விலை கையைச் சுடும்.

கரியின் குணம் பழுப்பு. தாத்தா பாட்டி படங்களுக்கு அழகாக இருக்கிறது, மேகத்துக்கும் கடலுக்கும் அவ்வளவு ஒட்டவில்லை. நீலமும் மெஜந்தாவும் துளி சேர்த்தால் பழுப்பு அடங்கும். ஃப்தாலோ என்ற நீல பிக்மென்ட் வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும். மெஜந்தாதான் முந்திக்கொண்டு வெளுத்துப் போகும். அதற்குப் பழுப்பே மேல் என்பது என் கட்சி. இன்னொன்று, எபோனி என்பது மேட் (பளபளப்பில்லாத) தாளுக்கான கறுப்பு; பளபளப்புத் தாளில் பிடிக்காது, விரல் பட்டால் அழியும். மேட் தாளில் கறுப்பின் ஆழத்தைக் காட்டும் அடர்த்தி எண் 1.6-ஐ ஒட்டித்தான் வரும்; பளபளப்பில் 2-ஐத் தாண்டும். ஆகவே இருண்ட பகுதிகளை பிரிண்டுக்கு முன்பே சற்று வெளிறச் செய்துவிடுகிறேன்.

கரி அடியில் தங்கும் என்பதால் கார்ட்ரிட்ஜை அவ்வப்போது கழற்றி மெல்ல ஆட்டுகிறேன். பிரிண்ட் வேலை இல்லாவிட்டாலும் இங்க் தெளிக்கும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வாரம் ஒரு நாசில் செக் உண்டு. அடுத்து, கடல் படங்களுக்காக மட்டும் ஒரு கார்ட்ரிட்ஜில் நீர்த்த நீலத்தை வைத்துப் பார்க்கப் போகிறேன், மெஜந்தா இல்லாமல்.