நாலு ஷீட் ரப்பரும் மாமாவின் மெஷின் வாளும்

போன ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். வயரிங் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மனைவி சாய்ப்புக் கொட்டகையின் முன்னால் நாலு ரப்பர் ஷீட்டை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். நாலிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. விரலால் அமுக்கிப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் பிசுபிசுவென்று இளகிக் கிடந்தது.

"உங்க மாமாவுக்க வாளு செஞ்ச வேலை" என்றாள்.

சாய்ப்பில் மேல் பலகையில் மரம் அறுக்கும் மெஷின் வாள் இருக்கும், கீழே காய்ந்த ஷீட்டுகளை அடுக்கி வைப்போம். பலகையின் இடுக்கு வழியாக ஆயில் இறங்கி மேலே இருந்த நாலையும் முடித்துவிட்டது. குலசேகரம் பக்கத்தில் எங்களுக்கு எழுபது சென்ட் ரப்பர். பால் உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடித்து, காயப் போட்டுக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத் தெரியும், ஆயில் பட்ட ஷீட்டைக் கடைக்காரர் தூக்கித் தனியாகத்தான் போடுவார். விலை ஒட்டுப்பால் (கழிவு ரப்பர்) விலைதான். அதற்கு மேல் பேச முடியாது.

வாள் மாமாவுடையது. இருபது வருஷத்துக்கு மேல் அதை வைத்துத்தான் மரம் முறித்தார். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் பக்கம் ரப்பர் தோட்டங்கள் சீப்பு உடைந்ததுபோலக் கிடந்தன. பாதி மரம் நடுவில் முறிந்திருந்தது, மீதி வேரோடு சாய்ந்திருந்தது. அதற்கப்புறம் வந்த மாதங்களில் மாமாவின் வாள் சூடு ஆறின நாள் குறைவு. பிறகு முட்டு வலி வந்து என்னிடம் கொடுத்துவிட்டார். ஒழுகுகிறதே மாமா என்று கேட்டதற்கு, "பால் வடியாத ரப்பர் மரமும் ஆயில் ஒழுகாத வாளும் எங்க உண்டு மக்களே?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பைக் இன்ஜினில் ஆயில் உள்ளுக்குள்ளேயே சுற்றி வரும். வாளில் அப்படி இல்லை. டேங்கிலிருந்து பம்ப் உறிஞ்சி, பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) காடிக்குள் தள்ளும், செயின் அதை எடுத்துக்கொண்டு ஓடி வெளியே வீசிவிடும். திரும்பி வரும் வழி கிடையாது. பாதையின் ஒரு முனை எப்போதும் திறந்தே இருப்பதால், வேலை முடிந்து வைத்தபின் நாலு சொட்டு விழுவது சகஜம். ஆனால் அரை டேங்க் ஆயில் இரண்டு நாளில் பலகைக்குப் போவது சகஜம் இல்லை.

முதலில் ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, "பம்ப் போச்சு, மாத்தணும், ரெண்டாயிரத்து இருநூறு ஆவும்" என்று சொல்லிவிட்டார்கள். பல்பு எரியவில்லை என்று கூப்பிட்டால் நான் நேராகப் போய் மீட்டரைக் கழற்றினால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? வாளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

முதல் கேள்வி, வடிவது எந்த எண்ணெய்? இந்த வாளில் இரண்டு டேங்க். ஒன்றில் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்த பெட்ரோல், மற்றதில் செயின் ஆயில். பெட்ரோல் வடிந்தால் வாசனை சொல்லிவிடும், கொஞ்ச நேரத்தில் ஆவியாகி மெல்லிய பசைதான் மிஞ்சும். செயின் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் பலாப்பழப் பால்போல நூல் விடும். இது நூல் விட்டது. சரி.

அடுத்து, இது ஒழுக்கா, இல்லை ஏற்கெனவே ஊறிக் கிடப்பது வடிகிறதா? கிளட்ச் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு முழு அடை. சாதாரண மரத்தூள் என்றால் தட்டினால் உதிரும். ரப்பர் மரத்தூள் அப்படி இல்லை, பாலும் ஆயிலும் சேர்ந்து பாறை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்ததை ஒரு சிரட்டையில் போட்டேன், சிரட்டை நிறைந்தது. அந்த அடையைப் பிழிந்தால் ஆயில் வருகிறது! இது ஒன்றே இரண்டு நாள் சொட்டும். பாரின் பக்கவாட்டில் ஆயில் நுழையும் சின்னத் துவாரமும் அடைபட்டிருந்தது. பம்ப் தள்ளுகிற ஆயிலுக்குப் பாருக்குள் போக வழி இல்லாவிட்டால் அது பாரின் பின்பக்கமாகத்தான் வழியும். வயரிங் மிச்சத்தில் இருந்த ஒற்றைச் செம்புக் கம்பியை நுழைத்துக் குத்தி எடுத்தேன். காடி முழுக்க அதே கம்பியை வளைத்து இழுத்தேன்.

பிறகு ஆயில் மூடி. மூடியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓ-ரிங் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, சொதசொதவென்று ஒன்று உப்பிக்கொண்டு நின்றது. மாமாவிடம் போனில் கேட்டேன். "சைக்கிள் டியூபுல வெட்டிப் போட்டேன் மக்களே, நல்லாத்தான் இருந்து" என்றார். இருந்திருக்கும், இரண்டு வாரம்.

ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு இதை நானும் யோசித்ததில்லை. நம் தோட்டத்து ரப்பருக்கு மினரல் ஆயிலும் பெட்ரோலும் ஆகவே ஆகாது. எண்ணெயை உறிஞ்சி உப்பும், இளகும், பிடிப்பு போய்விடும். டியூப் ரப்பரும் அப்படித்தான். என் நாலு ஷீட்டுக்கு நடந்ததேதான் இந்த வாஷருக்கும் நடந்திருக்கிறது. எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரில் என்கிற செயற்கை ரப்பர்தான் வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூடியைக் காட்டி அளவு பார்த்து ஓ-ரிங் வாங்கினேன், பதினைந்து ரூபாய். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலக் கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் கடையில் வாயைத் திறந்து ஆயிலுக்கு என்று சொல்லி வாங்க வேண்டும்.

இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அடியில் விரித்திருந்த பேப்பரில் மறுபடியும் பொட்டு. ஆனால் இப்போது சின்னது, அதுவும் கிளட்ச் பக்கத்தில் மட்டும்.

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாரையும் செயினையும் கழற்றித் தனியே வைத்தேன். வாளைப் பெட்ரோல் தொட்ட பிரஷால் கழுவித் துடைத்துக் காய வைத்தேன். (இன்ஜின் நன்றாக ஆறின பிறகு, வெளியில், பீடி பிடிக்கிறவர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது.) முதல் நாள் ஆயில் டேங்க் காலி. பேப்பர் சுத்தம். இரண்டாம் நாள் கால் டேங்க் ஊற்றினேன். பேப்பர் சுத்தம். மூன்றாம் நாள் அரை டேங்க். காலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பொட்டு.

இதில்தான் விஷயமே இருக்கிறது. கால் டேங்கில் ஒழுகாமல் அரை டேங்கில் ஒழுகினால், ஓட்டை டேங்கின் அடியில் இல்லை, அந்த இரண்டு மட்டத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. வீட்டுக்கு மேலே தண்ணீர் டேங்க் கசிந்தாலும் இப்படித்தானே கண்டுபிடிக்கிறோம், எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்து.

நாலாம் நாள் துடைத்த இடமெல்லாம் மகளின் முகப் பவுடரைத் தூவினேன். வீட்டில் அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது, அதை விடுங்கள். இரண்டு மணி நேரத்தில் வெள்ளைப் பரப்பில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது, கிளட்ச் டிரம்முக்குப் பின்னாலிருந்து. கோட்டின் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்க கிளட்ச்சைக் கழற்றியாக வேண்டும்.

கிளட்ச் கழற்றுவதில் இரண்டு விஷயம். இன்ஜின் சுற்றாமல் பிடிக்க, பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தின் வழியாக நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் திணிப்பார்கள். பிஸ்டன் மேலே ஏறிச் சைலன்சர் துவாரத்தை மூடின பிறகுதான் கயிற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு அந்தத் துவாரத்துக்குள் போய் மாட்டி அறுந்துவிடும். இரண்டாவது, கிளட்ச்சுக்கு இடது மரை. கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். வேறொருவரின் வாளில் ஒரு தடவை இது தெரியாமல் என் முழு பலத்தையும் போட்டு இறுக்கி வைத்தவன் நான்.

டிரம், ஊசி பேரிங், பம்பைச் சுற்றும் புழுச்சக்கரம் ஒவ்வொன்றாக வந்தன. கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய துணியில் வைத்தேன். பம்பின் திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்த்தால், பம்ப் காய்ந்து கிடக்கிறது! பிஸ்டனை விரலால் சுற்றினால் ஆட்டம் இல்லை, பல் தேய்மானமும் இல்லை. ரெண்டாயிரத்து இருநூறு ரூபாய்.

பவுடர்க் கோட்டின் தலை அதற்கு ஒரு விரல்கடை தள்ளி, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் கழுத்தில் இருந்தது. அந்த ஹோஸ் டேங்க் சுவரில் ஒரு துவாரத்தில் இறுக்கமாகச் செருகி நிற்கும். ஹோஸின் கழுத்தே அங்கே சீல். மூக்கு பிளையரால் மெதுவாக இழுத்தேன். கழுத்து காய்ந்த புளியங்கொட்டைபோலக் கட்டியாகியிருந்தது. லேசாக வளைத்ததும் சுற்றிலும் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. அதில் வெள்ளையாக ஏதோ பசை வேறு. யாரோ ஒரு காலத்தில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். பசை தடவுவது வேலைக்கு ஆகாது. எண்ணெய் ஊறிய ரப்பரில் ஒட்டாது, பெயர்ந்த துண்டு உள்ளே போனால் பம்ப் அடைபடும்.

புது ஹோஸ் நூற்றெண்பது ரூபாய். துவாரத்தின் விளிம்பைப் பெட்ரோல் துணியால் துடைத்து, புது ஹோஸின் கழுத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, பென்சிலின் மொட்டை முனையால் சுற்றிச் சுற்றி அமுக்கினேன். கூரான எதையும் வைத்துக் குத்தக்கூடாது, புதிதும் கிழிந்துவிடும். கடைசியில் 'டப்' என்று உட்காரும். அந்தச் சத்தம் வரும்வரை விடக்கூடாது. டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியையும் எடுத்துக் கழுவினேன். அதன் வலையில் மினுமினுவென்று இரும்புத்தூள்.

இரும்புத்தூள் எங்கிருந்து வந்தது என்று மாமாவிடம் கேட்க வேண்டியதில்லை. ஒர்க்ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலைத்தான் வருஷக்கணக்காக ஊற்றியிருக்கிறார். சும்மா கிடைக்கிறது, சரிதான். ஆனால் தேய்ந்த இன்ஜினின் இரும்புத்தூளெல்லாம் அதில் இருக்கும், பம்பை அரைக்கும். வாள் வீசுகிற ஆயில் முழுவதும் நம் மண்ணுக்கும் நம் கைக்கும்தான் வருகிறது. என் கிணறு ரப்பர் மரத்து மூட்டிலிருந்து பத்தடி. அதனால் இப்போது புதிய செயின் ஆயில்தான். அதில் பசைத்தன்மை சேர்த்திருப்பதால் செயினில் ஒட்டி நிற்கும், நீர்த்த ஆயில்போல எல்லா இடுக்கிலும் ஓடாது. இடையில் ஒருநாள், மண்ணுக்கு நல்லதாச்சே என்று வீட்டுத் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பார்த்த புத்திசாலித்தனமும் உண்டு. மறுநாள் காலைக் குளிரில் டேங்குக்குள் வெள்ளையாக உறைந்து உட்கார்ந்திருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். ஜனவரியில் குலசேகரம் விடியற்காலைக்கு அது போதும்.

எல்லாம் பூட்டி ஓட்டினேன். செயின் சுற்றும்போது பாரின் முனையை ஒரு புது அட்டைக்கு நேராக ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழுந்தது. ராத்திரி முழு டேங்கோடு வைத்துப் பார்த்தேன், பேப்பர் சுத்தம்.

அப்புறம் மதியம் ஒரு சொட்டு. ராத்திரி இல்லாத ஒழுக்கு பகலில் எப்படி வருகிறது? சாய்ப்புக்குத் தகரக் கூரை. மதிய வெயிலில் டேங்கில் இருக்கும் காற்றும் ஆயிலும் விரியும். டேங்கின் காற்றுத் துவாரம் வெளிக்காற்றை உள்ளே விடுமே தவிர உள்ளிருப்பதை வெளியே விடாது. அழுத்தம் ஏறினால் ஆயில் பம்ப் வழியாகத்தான் வெளியேறும். மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று சத்தம் கேட்டது. அதற்கு மருந்து கிடையாது, வேண்டியதும் இல்லை. வேலை முடிந்ததும் மூடியை ஒரு தடவை திறந்து மூடுகிறேன், டேங்கைக் காலியாக்கி நிழலில் வைக்கிறேன். இடமும் மாற்றியாச்சு, ஷீட்டுக்கு மேலே இனி வாள் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அயனி மரத்தின் ஒரு கொம்பு ஓட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது, முறிக்க வாள் வேண்டும். கையில் ஒரு குப்பி, நிறையக் கறுப்பு ஆயில். நான் ஒன்றும் சொல்லவில்லை. குப்பியை வாங்கிச் சாய்ப்பின் பின்னால் வைத்துவிட்டு, வாளில் எங்கள் ஆயிலை ஊற்றிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தவர், "எனக்க டியூபை எடுத்துட்டியா?" என்றார்.