பாத்ரூம்ல பாலிஷ் கிரானைட் வேணாங்க

நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட்டுக்கு பஞ்சமில்லைன்னு ஹால்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் பாலிஷ் போட்ட கல்லாவே போட்டுடறாங்க, பாக்க ஜம்முனு இருக்கும், ஆனா தண்ணி பட்டா வயசானவங்களுக்கு கால் நிக்காது. அதே கல்லுலயே லெதர் ஃபினிஷ்னு சொரசொரப்பா கிடைக்குது, கேட்டு வாங்குங்க.

அப்புறம் கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா அந்த தண்ணியவே குடிச்ச பெரியவங்க சில பேருக்கு முட்டி, முதுகு எல்லாம் இறுகிப்போய் குனியவே முடியாது, அவங்களைப் போய் இந்தியன் டாய்லெட்ல குந்தச் சொல்றது அநியாயம்ங்க. வெஸ்டர்ன் மாத்திட்டு, பக்கத்துலயே ஒரு ஸ்டீல் கைப்பிடிய ஆங்கர் போல்ட் போட்டு சுவத்துல இறுக்கிடுங்க. துண்டு போடற கம்பிய புடிச்சு எந்திரிச்சா அது கையோட வந்துரும். எங்கம்மா "நான் என்ன நொண்டியா"ன்னு ஒரே சத்தம், இப்ப அந்தக் கைப்பிடிலதான் புடவை காயுது, சரி புடிச்சுக்கவும் செய்யுது.

ராத்திரி கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன லைட்டு எரியட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தும், கொஞ்ச நேரம் கட்டில் ஓரமா உக்காந்துட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. பாத்ரூம் கதவு வெளிப்பக்கமா தொறக்கற மாதிரி இருக்கணும், ஏன்னா உள்ள விழுந்தவங்களே கதவை அடைச்சுக்கிட்டா எப்படி தள்ளித் தொறப்பீங்க? தாழ்ப்பாளும் வெளிய இருந்து தொறக்கற டைப்பா போடுங்க.