பத்தாவது பாட்டுல மட்டும் 2 நிமிஷம் 32 செகண்ட் அதிகம்

போன வாரம் வீட்டுல இருந்த பழைய ஆடியோ சிடி எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டு இருந்தேன், லினக்ஸ்ல நானே எழுதுன சின்ன ப்ரோக்ராம் வச்சு. பத்து பாட்டு இருக்குற ஒரு சிடி, ஒம்பது பாட்டு அழகா வந்துடுச்சு, பத்தாவது மட்டும் பாட்டு முடிஞ்ச பிறகும் டிரைவ் சுத்திக்கிட்டே இருந்து கடைசில ரீட் எரர். ப்ரோக்ராம் கணக்குப்படி அந்தப் பாட்டு, உறையில போட்டிருந்த நேரத்தை விட 2 நிமிஷம் 32 செகண்ட் அதிகம்.

கீறல் விழுந்திருக்கும்னு துடைச்சு துடைச்சுப் போட்டேன், அதே எரர். அப்புறம் டிரைவ் என்ன தான் சொல்லுதுன்னு அப்படியே பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். முதல் டிராக் 1, கடைசி டிராக் 11. பத்து பாட்டு சிடியில பதினொண்ணு!

ஆடியோ சிடியில ஃபைல்னு ஒண்ணும் கிடையாது. விண்டோஸ்ல தெரியுற டிராக்01, டிராக்02 எல்லாம் 44 பைட்டு ஃபைலா அது காட்டுறது, தட்டுல அப்படி எதுவும் இல்ல. தட்டோட உள் ஓரத்துல லீட்-இன்னு ஒரு பகுதி இருக்கு, எந்த டிராக் எங்க ஆரம்பிக்குதுங்கற பட்டியல் அங்க திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். டிராக் நம்பருக்கு ரெண்டே இலக்கம், அதான் 99க்கு மேல போகாது. ஓஎஸ் 'ரீட் டிஓசி'ன்னு, அதாவது அந்தப் பட்டியலைக் குடுன்னு, கமாண்ட் அனுப்புனா டிரைவ் முதல் டிராக் நம்பர், கடைசி டிராக் நம்பர், அப்புறம் டிராக்குக்கு எட்டு பைட்டுன்னு வரிசையா குடுக்கும். அந்த எட்டுக்குள்ள டிராக் நம்பர், ஆடியோவா டேட்டாவா, ஆரம்பிக்குற இடம், அவ்ளோ தான். முடியுற இடம் எங்கயும் இருக்காது! அடுத்த டிராக் ஆரம்பிக்குற வரைக்கும் இதுன்னு நம்ம தான் கழிச்சுக்கணும். கடைசி டிராக்குக்கு அடுத்தது இல்லையே, அதுக்காக 170னு ஒரு நம்பர் வரும், ஹெக்ஸ்ல (16 அடிமானத்துல) ஏஏ, அது லீட்-அவுட், அதாவது எல்லா டிராக்கும் முடிஞ்ச பிறகு வர்ற பகுதி, ஆரம்பிக்குற இடம்.

என் சிடியில பதினொண்ணாவது டேட்டா டிராக், வால்பேப்பர் போட்டு வச்சிருந்தாங்க. அது ரெண்டாவது செஷன், அதாவது தனி லீட்-இன், லீட்-அவுட்டோட எழுதுன இன்னொரு பகுதி. முதல் செஷனோட லீட்-அவுட் 6750 செக்டர் (தட்டை அளக்குற சின்னத் துண்டு), அடுத்த செஷனோட லீட்-இன் 4500, அப்புறம் டிராக்குக்கு முன்னாடி விடுற இடைவெளி, ப்ரீகேப், 150, மொத்தம் 11400. செகண்டுக்கு 75 செக்டர், வகுத்தா 152 செகண்ட், அதே 2 நிமிஷம் 32 செகண்ட். பாட்டே இல்லாத அந்த இடத்தை தான் என் ப்ரோக்ராம் பாட்டுன்னு நெனச்சு படிக்கப் பார்த்திருக்கு.

இப்ப ஆடியோவுக்கு அடுத்து வேற செஷன்ல டேட்டா வந்தா 11400 கழிச்சுடறேன். அப்படியே டிராக்கை ஒவ்வொண்ணா எடுக்குற லூப்பையும் மாத்திட்டேன், 1ல இருந்து ஓடிக்கிட்டு இருந்தது, ஆனா முதல் டிராக் நம்பர் 1ஆ தான் இருக்கணும்னு விதி இல்ல, டிரைவ் அதை தனியா ஒரு பைட்டுல சொல்லுதே, அதை வாங்கி போட்டா போதும். ரிப்பர் (சிடியில இருந்து பாட்டை எடுக்குற ப்ரோக்ராம்) எழுதுறவங்க தயவுசெஞ்சு அந்த பைட்டைப் படிங்க.

மறுபடி ஓட்டுனேன். பத்தாவது பாட்டு, தம்பூரா மெல்ல அடங்குற எடத்துல, சரியா நின்னுச்சு.